பதிப்புரிமை நீங்கிய ஒளிக்காட்சிகளும் மொழிப்பாடமும்: கிடர்பூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

இரண்டாம் மொழி கற்பித்தலில் ஒளிக்காட்சியின் பயன் குறித்து இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பேசுவோரின் முகக்குறிப்பு, கையசைவு, அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி நிற்கும் தொலைவு, பேச்சு நிகழும் சூழல் ஆகியவற்றை அச்சுப்பாடம் தர இயலாது. ஆனால் அக்காட்சியை எங்கிருந்து பெறுவது என்னும் வினாவைப் பாடம் அமைப்போர் பெரும்பாலும் கடைசி நேரத்திலேயே எழுப்புகின்றனர். உரிமைச் சிக்கல் இல்லாத படங்களையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரியில் அறிவுறுத்திவிட்டுக் கையேடுகள் அமைந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியைப் பின்பற்ற முயலும் ஆசிரியர் இரு வகையில் இடறுகிறார். எளிதில் கிடைப்பதெல்லாம் உரிமை அற்றது என்று கொள்கிறார். அல்லது உரிமை பற்றிய அச்சத்தால், தடையின்றிப் பயன்படுத்தத்தக்க பழைய தமிழ்ப் படங்களை விட்டுவிட்டு, எங்கோ எடுக்கப்பட்ட பேச்சற்ற துணுக்குகளைத் தேடிச் செல்கிறார். இவ்விரு இடறல்களுக்கும் காரணம் ஒன்றே. உரிமை என்பது ஒரு படத்தின் மீது ஒட்டப்பட்ட ஒற்றை முத்திரை எனக் கருதப்படுகிறது. அது ஆண்டுக்கு ஆண்டும், நாட்டுக்கு நாடும், ஒரே படத்தினுள் அடுக்குக்கு அடுக்கும் மாறுவது என்பது உணரப்படவில்லை.

இதனை ஓர் இடத்தில் பொருத்திக் காண்பது தெளிவு தரும். கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றை ஒட்டித் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள பகுதி கிடர்பூர். வங்காளமும் உருதும் இந்தியும் போஜ்பூரியும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது. கொல்கத்தாவில் தமிழ் கற்போர்க்கோ வங்காளம் கற்கும் தமிழர்க்கோ இப்பகுதியைக் களமாகக் கொண்டு ஒரு பாடம் அமைக்க வேண்டும் எனக் கொள்ளலாம். துறைமுகம், கப்பல் வரும்போது திறக்கும் பாலம், கடைத்தெரு, எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வழியாக வந்த டிராம் ஆகியவை பாடத்தில் இடம்பெற வேண்டும். 2020 மே மாத ஆம்பன் புயலுக்குப் பின் அந்த டிராம் ஓடவில்லை. எனவே அதனைக் காட்டப் பழைய படத்தையே நாட வேண்டியிருக்கிறது.

முதலில் நாடப்படுவது கடைத்தெரு. கிடர்பூரின் ஃபேன்சி மார்க்கெட் கப்பல் வழி வந்த அயல்நாட்டுப் பொருள்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் கிழக்கிந்தியா முழுவதும் பெயர் பெற்றது. சென்னையின் பர்மா பஜாரை அறிந்தோர்க்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. வீடியோ நாடாக்களும் பின்னர்க் குறுந்தகடுகளும் வீடுகளில் பரவிய காலத்தில், இத்தகைய கடைத்தெருக்களே பலருக்குத் திரைப்பட நூலகமாக விளங்கின. மலிவாகக் கிடைத்த ஒரு படி, பத்து பேர் கைமாறி, ஒருநாள் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. இன்று அந்த இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. கருவி மாறியும் மனப்பாங்கு மாறவில்லை. கிடைக்கிறது, எவரும் தடுக்கவில்லை, ஆகவே பயன்படுத்தலாம் என்பதே இன்றும் வாதம்.

இவ்வாதத்தின் வேரில் சொற்குழப்பம் ஒன்று உண்டு. தமிழில் 'காப்புரிமை' என்னும் சொல் படைப்பின் மீதுள்ள உரிமைக்கும் கண்டுபிடிப்பின் மீதுள்ள உரிமைக்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. 'பதிப்புரிமை' என்பதோ அச்சு நூலை நினைவூட்டுவதால், திரைப்படத்திற்கும் அது பொருந்தும் என்பது பலருக்கு உடனே தோன்றுவதில்லை. 'இலவசம்' விலையைக் குறிக்கும்; 'கட்டற்ற' என்பது பயன்பாட்டு உரிமையைக் குறிக்கும் கலைச்சொல். இரண்டும் ஒன்றுபோல் எழுதப்படுகின்றன. இவற்றோடு 'நாட்டுடைமை' என்னும் சொல்லும் சேர்கிறது. பாரதியின் படைப்புகள் 1949இல் அரசுடைமையானது முதல், உரிமை நீங்குதல் என்பதைத் தமிழர் இச்சொல் வழியாகவே அறிந்து வந்துள்ளனர். தமிழ்நாட்டு அரசு நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைப் பரிவுத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கியுள்ளது. இது பெருமைக்குரியதே. ஆயினும் உரிமை விடுபட வேண்டுமெனில் அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்னும் எண்ணத்தை இவ்வழக்கம் வளர்த்துவிட்டது. ஆணை ஏதுமின்றி, ஆண்டு நிறைவெய்தியதும் உரிமை தானே நீங்கும் என்பது மறைந்துபோனது. நாட்டுடைமையாக்கம் நூல்களைப் பற்றியதே. திரைப்படத்தை அது தொடுவதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 27ஆம் பிரிவின்படி, ஒரு திரைப்படத்தின் மீதான உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். தொடக்கத்தில் இது 50 ஆண்டுகளாக இருந்தது. மாற்றத்திற்குக் காரணம் திரைப்படம் அன்று, இரவீந்திரநாத் தாகூர். 1941இல் மறைந்த அவருடைய படைப்புகளின் மீதான விசுவபாரதியின் உரிமை 1991ஆம் ஆண்டு இறுதியில் முடிவடைய இருந்தது. அதனை நீட்டிக்கும் பொருட்டு 1991 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் காலவரை பத்தாண்டு கூட்டப்பட்டது. அந்நாளில் உரிமை உயிருடன் இருந்த படைப்புகள் அனைத்திற்கும் இந்நீட்டிப்புப் பொருந்தியது. ஏற்கெனவே உரிமை நீங்கியவை மீண்டும் உரிமைக்குள் வரவில்லை.

வங்கக் கவிஞர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட இத்திருத்தம் தமிழ்த் திரைப்படத்தின் மீது இட்ட கோடு சிறிதும் கவனிக்கப்படவில்லை. 1940 வரை வெளியான படங்கள் பழைய கணக்கின்படி 1990க்குள் விடுபட்டுவிட்டன. 1941இல் வெளியானவை மூன்று நாள் வேறுபாட்டில் அகப்பட்டுக்கொண்டன. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏ.வி. மெய்யப்பனின் நிறுவனம் எடுத்த 'சபாபதி' இதற்குத் தக்க சான்று. 1941இல் வெளியான இப்படத்தின் உரிமை 1991 டிசம்பர் 31இல் முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் 28இல் திருத்தம் வந்ததால் 2001 இறுதிவரை நீண்டது. மொழியாசிரியருக்கு இப்படம் பொருட்படுத்தத்தக்கது. ஒரே பெயருடைய முதலாளியும் வேலையாளும், சொல்லின் நேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு ஏவலைக் கெடுத்துவிடும் வேலையாளின் பேச்சும், தமிழாசிரியரின் நடையும், ஆங்கிலம் கலந்த இளைஞர் பேச்சும் இதில் அடுத்தடுத்து வருகின்றன. ஏவல் வாக்கியங்களைக் கற்பிக்க இதனினும் சிறந்த பழம்படம் அரிது. 2002 முதல் இந்தியாவில் இப்படத்தின் மீது திரைப்பட உரிமை இல்லை. மூல நாடக ஆசிரியர் 1964இல் மறைந்தவராதலின் அவர் நாடகத்தின் மீதான உரிமையும் 2024 இறுதியோடு முடிந்தது.

இவ்விடத்தில்தான் அடுக்குகள் பற்றிய வினா எழுகிறது. திரைப்படத்தின் உரிமை வேறு, அதனுள் அடங்கிய பாடல், இசை, உரையாடல் ஆகியவற்றின் உரிமை வேறு என்பதனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பாடலின் உரிமை அதனை இயற்றியவர் மறைந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும். கல்கத்தாவோடு தொடர்புடைய 'அம்பிகாபதி' (1937) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முப்பதுகளில் சென்னையில் ஒலிப்பட நிலையங்கள் போதிய அளவு இல்லாமையால் தமிழ்ப் படக் குழுவினர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்று படமெடுத்து வந்தனர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த இப்படம் கல்கத்தாவில் ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனியின் நிலையத்தில் உருவானது. பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை. பின்னணி இசை வங்கப் பாடகர் கே.சி. டேயினுடையது, உரையாடல் இளங்கோவன் எழுதியது. படத்தின் உரிமை 1987 இறுதியில் நீங்கிற்று. டே 1962இல் மறைந்தார்; அவர் இசையின் மீதான உரிமை 2022 இறுதியில் முடிந்தது. சிவன் மறைந்தது 1973இல். அவர் பாடல்களின் மீதான உரிமை 2033 இறுதிவரை உள்ளது. உரையாடலுக்கும் இவ்வாறே அதன் ஆசிரியர் மறைந்த ஆண்டைக் கொண்டு தனிக்கணக்கு உண்டு. ஒரே படச்சுருளில் இத்தனை காலவரைகள் உறங்குகின்றன. பாடல் காட்சியை வெட்டியெடுத்துப் பாடத்தில் சேர்க்கும் ஆசிரியர், படம் பழையது என்னும் ஒரு காரணத்தால் தாம் முற்றிலும் விடுபட்டதாகக் கருதுதல் பொருந்தாது.

பாடலின் மீது எவருக்கு உரிமை என்னும் வழக்கும் கல்கத்தாவிலிருந்தே எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் இந்திய இசைநிகழ்த்து உரிமைச் சங்கம் கட்டணம் கோரியபோது, கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம் அதனை எதிர்த்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்பளித்தது. 1977இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஊதியம் தந்து படத்திற்காக எழுதுவித்த பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது அதன் சாரம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் படைப்பாளருக்குப் பங்குத்தொகை உரிமை அளித்து நிலையை மாற்றியது. எவர் உரிமையாளர் என்பது மாறினும், காலக்கணக்கு இயற்றியவரின் மறைவைப் பற்றியே செல்கிறது. ஆகவே தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, கேட்பாரில்லை என்னும் ஆறுதல் ஆசிரியருக்கு உதவாது.

இத்தனை சிக்கலையும் காட்டி ஆசிரியரை அச்சுறுத்துவது நோக்கமன்று. வகுப்பறைக்குச் சட்டம் போதிய இடம் தந்துள்ளது. 52ஆம் பிரிவின் கீழ், கற்பித்தலின் போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல் உரிமை மீறலாகாது. கல்வி நிறுவனத்தின் செயற்பாட்டில் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டும் பார்வையாளராக இருக்கத் திரைப்படம் காட்டுதலும் அவ்வாறே. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஒளிநகல் கடை தொடர்பான வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் 'கற்பித்தலின் போது' என்னும் தொடருக்கு அகன்ற பொருள் கொண்டது. கிடர்பூர்ப் பள்ளியொன்றில் நேற்று வெளியான படத்தின் ஐந்து நிமிடக் காட்சியை மாணவர்க்குக் காட்டி உரையாடல் நடத்த எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. அக்காட்சியைப் பாடத்தோடு பிணைத்து, எவரும் காணும்படி இணையத்தில் நிலையாக வைக்கும்போது நிலை மாறுகிறது; பார்வையாளர் வரம்பு அங்கே அழிந்துவிடுகிறது. 2020க்குப் பின் வகுப்புகள் இணையவழி நடந்தபோது இவ்வேறுபாடு மங்கியது. அப்போது பதிந்து வைத்த பாடங்கள் பல இன்னும் பொதுவெளியில் கிடக்கின்றன.

இணையத்தில் வைத்தவுடன் நாட்டெல்லைச் சிக்கலும் சேர்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடு 1996இல் அயல்நாட்டுப் படைப்புகளுக்கு உரிமையை மீட்டளித்தபோது, அவ்வாண்டுத் தொடக்கத்தில் தாய்நாட்டில் உரிமையுடன் இருந்தவற்றுக்கே அது பொருந்திற்று. 1940 வரையிலான இந்தியப் படங்கள் அதற்குள் விடுபட்டுவிட்டமையால் அங்கும் விடுபட்டன. 1941க்குப் பிந்தியவற்றுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு என்னும் நீண்ட கணக்கு வாய்த்தது. அதன்படி 'சபாபதி' அங்கு 2036 இறுதிவரையிலும் 'சந்திரலேகா' (1948) 2043 இறுதிவரையிலும் உரிமைக்குட்பட்டவை. இந்தியாவிலோ அவை முறையே 2001, 2008 இறுதியில் விடுபட்டன. தாகூருக்காகக் கூட்டப்பட்ட மூன்று நாள், அமெரிக்காவில் தமிழ் கற்பிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியொன்றின் பாடத்தில் இன்றும் குறுக்கே நிற்கிறது. மலேசியச் சட்டம் திரைப்படத்திற்கு 50 ஆண்டும், இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 70 ஆண்டும் வகுத்துள்ளன. பல நாடுகளில் பரந்து வாழும் தமிழர்க்குப் பொதுவான பாடம் வகுப்போர் 1940ஐ எல்லையாகக் கொள்வது, திரைப்பட உரிமையைப் பொறுத்தவரை, பெருமளவு பாதுகாப்பானது.

ஆனால் அவ்வெல்லைக்கு முற்பட்ட படங்களின் மொழி எத்தகையது? இதனைச் சட்டம் கூறாது. மொழியியலார் கூற வேண்டும். முப்பதுகளின் படங்கள் பெரும்பாலும் புராணம், பக்தி, பழங்கதை சார்ந்தவை. இளங்கோவனின் உரையாடல் இலக்கிய நயம் மிக்கது. தேநீர்க் கடையில் பேச அது உதவாது. நடைவேறுபாடுகளை ஒப்பிட்டுக் காட்டவும், செவ்விய ஒலிப்பைக் கேட்பிக்கவும், உயர்நிலை மாணவர்க்குப் பயன்படும். தொடக்கநிலை மாணவர் அதனைப் பின்பற்றிப் பேசினால் நகைப்புக்கிடமாகும். மேலும், உரிமை விடுபட்ட படம் கிடைக்கும் படமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) எவர் உரிமைக்கும் உட்படாதது. அதன் படியோ ஒன்றும் எஞ்சவில்லை.

உரிமைச் சிக்கலுக்கு அஞ்சிய ஆசிரியர் நாடும் மற்றொரு வழி, எவரும் பயன்படுத்தலாம் என்று அயல்நாட்டுத் தளங்கள் வழங்கும் துணுக்குக் காட்சிகள். கதவு திறக்கிறது, மழை பெய்கிறது, ஒரு பெண் காய் நறுக்குகிறாள். சமையலறை அயலது, பேச்சு இல்லை. இத்தகைய காட்சியைக் கொண்டு பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் கற்பிக்கலாம். எவர் எவரை 'நீ' என்பார், எவரிடம் 'நீங்கள்' என்பார், கடைக்காரரை 'அண்ணே' என்பதா 'ஐயா' என்பதா என்பவற்றைக் கற்பிக்க இயலாது. தமிழின் சமூக இலக்கணம் முழுவதும் இத்தகைய பாடத்தில் விடுபட்டுப்போகிறது. இக்குறை தமிழ்ப் பாடத்திற்கு மட்டும் உரியதன்று. 'துமி', 'தூயி', 'ஆப்னி' என மூவகை முன்னிலை கொண்ட வங்காளத்திற்கு அது இன்னும் கடுமையானது.

2002இல் தோன்றிய படைப்பாக்கப் பொதும உரிமங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன. ஆனால் உரிமம் வழங்கப்பட்ட படைப்பு, உரிமை நீங்கிய படைப்பு அன்று. படைத்தவர் பெயரைச் சுட்டல், வணிகத்திற்குப் பயன்படுத்தாமை, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடல் போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. பிறர் படத்தைத் தம் கணக்கில் ஏற்றி, அதற்குத் தாமே உரிமம் வழங்கும் வழக்கமும் மிகுதி. தமக்கில்லாத உரிமையை எவரும் வழங்க இயலாது. அம்முத்திரையை நம்பிய ஆசிரியர்க்கு அது கேடயமாகாது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2013இல் தொடங்கிய திறந்த கல்வி வளக் களஞ்சியம், வெளியிடுபவர் எவர் என்பது தெளிவாக இருப்பதனால், இவ்வகையில் நம்பத்தக்கதொரு முன்மாதிரி.

அரசுப் பணத்தில் எடுக்கப்பட்டது மக்களுடையது என்னும் கருத்தும் பரவலாக உள்ளது. அமெரிக்கக் கூட்டரசு அலுவலர் தம் பணியில் உருவாக்கும் படைப்புக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. இந்தியாவில் அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. மொழி கற்பித்தலுக்கென்றே அரசு நிறுவனங்கள் எடுத்த படங்களும், அந்நிறுவனம் உரிமம் வழங்காதவரை, மூடிய பெட்டியே. சட்டத்தின் 21ஆம் பிரிவு உரிமையாளர் தம் உரிமையைத் துறக்க வழி தந்துள்ளது. ஆசிரியரை நோக்கி உரிமைச் சிக்கல் அற்றவற்றைத் தேடுக என்று கையேட்டில் எழுதும் நிறுவனங்கள், தம் அலமாரியில் உள்ளவற்றை அவ்வாறு ஆக்க முற்படாமை வியப்புக்குரியது.

கிடர்பூர்ப் பாடத்திற்குத் திரும்பினால், இருவகைப் பொருள்கள் சிறப்பாகக் கருதத்தக்கன. ஒன்று, மது போஸ் இயக்கிய 'மைக்கேல் மதுசூதன்' என்னும் 1950ஆம் ஆண்டு வங்கப் படம். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் கிடர்பூரில் வளர்ந்தவர். 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்து, ஆசிரியராகவும் இதழாளராகவும் பணிபுரிந்தவர். 1849இல் அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் வெளியானது சென்னையில்தான். இரு நகரங்களையும் இணைக்கும் இவரைக் கொண்டு தமிழர்க்கு வங்காளப் பாடமும் வங்கத்தார்க்குத் தமிழ்ப் பாடமும் அமைக்கலாம். உத்பல் தத் நடித்த இப்படத்தின் திரைப்பட உரிமை இந்தியாவில் 2010 இறுதியில் நீங்கியது; இசைக்கும் உரையாடலுக்கும் முன்னர்க் கூறிய தனிக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, 1948இல் நிறுவப்பட்ட இந்திய அரசின் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப்படங்களும் ஆவணப்படங்களும். திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்ட இவற்றுக்குத் தமிழ், வங்காளம் உள்ளிட்ட பல மொழிகளில் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. 1960 வரை வெளியானவை 2020 இறுதிக்குள் உரிமை நீங்கியவை. ஒரே காட்சிக்கு ஒரே அளவில் இரு மொழி உரைகள் அமைந்திருப்பது ஒப்பியல் கற்பித்தலுக்குக் கிடைத்தற்கரிய தரவு. கற்பவர் ஒலியை மாற்றி மாற்றிக் கேட்டுத் தொடரமைப்பையும் சொல்லாட்சியையும் தாமே ஒப்பிட முடியும். அன்றைய செய்தித் தமிழ் எவ்வளவு வடசொல் தாங்கியது, எப்போது எவ்வகையில் மாறியது என்னும் ஆய்வுக்கும் அது களம். பேச்சுத்தமிழை இவை தாரா. அதற்குக் கிடர்பூர்க் கடைத்தெருவில் பேசுவோர் ஒப்புதலைப் பெற்று ஆசிரியரே புதிதாகப் படம் பிடித்து, தாமே உரிமம் வழங்கி வெளியிடுவதே வழி. துறைமுக வளாகத்திற்குள் படம் பிடிக்க முன்னனுமதி வேண்டும் என்பதால் அங்குப் பழைய செய்திப்படங்களே துணை.

திரைப்படப் பிரிவும் புனேயில் 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. இணையத்தில் இதுவரை வெளியான செய்திப்படங்களுள் ஆங்கில, இந்தி ஒலிப்பதிவுகளே மிகுதியாகக் காணப்படுகின்றன. உரிமை நீங்கிய ஒரு செய்திப்படத்தின் தமிழ் ஒலிப்பதிவை ஆசிரியர் கேட்டுப் பெற, அது எந்தப் பெட்டியில், எந்த எண்ணில், எம்மொழியில் உள்ளது என்று காட்டும் மொழிவாரிப் பட்டியல் முதலில் தேவை.